ஆங்கிலத்துக்கு நான் கட்டிய நிகண்டு

போன மாதம் பினாங்கில், ஆயர் ஈத்தாம் போகும் டிராமில் தொங்கிக்கொண்டு வீடு திரும்பும்போதுதான் அந்த யோசனை உதித்தது. தமிழ்ப் பள்ளியில் ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்களையும் நிகண்டுப் பாட்டாகத்தானே மனப்பாடம் செய்தோம்? ஆங்கிலத்தையும் அப்படிக் கட்டிவிட்டால் என்ன!

சுங்கை பினாங்கில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அது உடனே தேவைப்பட்டது. ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள், நேர்காணல் ஆங்கிலத்தில். இடம் கிடைக்காவிட்டால் பாஸ்கா பண்டிகை கழிந்ததும் கெப்பாலா பத்தாஸிலுள்ள மாமன் மகனுக்குக் கட்டிவைத்துவிடுவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். அக்காவுக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. கன்னியர் மடத்துப் பள்ளியில் கொஞ்சம் ஆங்கிலம் படித்தவள்தான். ஆனால் ஒரே ஓசைக்கு நாலு பொருள் வந்தால் மிரண்டுவிடுவாள்.

நான் கட்டினேன், அவள் பாடினாள். 'ரோல் என்பது உருட்டல், ரொட்டி, பெயரழைப்பு, கூத்தில் வேடம்' என்று துணி துவைக்கும்போதும் பாட்டுத்தான்.

"ஏன்டா தம்பி, வெள்ளைக்காரனுக்கு வார்த்தைப் பஞ்சமா? ஒண்ணையே எல்லாத்துக்கும் வச்சிருக்கான்!" என்பாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

நேர்காணலன்று துணைக்குப் போய் வராந்தா ஜன்னலோரம் நின்றேன். தலைமைத் தாதியான துரைசானி, நீளமான கட்டுத்துணி ஒன்றை மேசைமேல் போட்டு, "ரோல் திஸ்" என்றார்.

அக்கா தலைகுனிந்தாள். உதடுகள் அசைந்தன. என் பாட்டை முதல் அடியிலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறாள்! 'ரோல்' வருவதற்குள் இன்னும் எத்தனை சொற்கள்! துரைசானியின் கண் அக்கா கழுத்திலிருந்த மாதா பதக்கத்தில் விழுந்தது. ஜெபம் செய்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் கைகளைக் கோத்துத் தலைகுனிந்துவிட்டார். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை.

கடைசியில் துரைசானி "ஆமென்" என்று சொல்லி, துணியின் முனையை மடித்துக் காட்டினார். அக்கா கண்ணிமைக்கும் நேரத்தில் அதை இறுக்கமாக உருட்டி நீட்டினாள். துரைசானி சிரித்தார், ஆனால் இடம் கொடுக்கவில்லை. வருகிற திங்கட்கிழமை மறுபடி வரச் சொன்னார். அதுதான் கடைசி வாய்ப்பு.

டிராமுக்கு நடக்கும்போது அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "உன் பாட்டு முடியறதுக்குள்ள நோயாளி போய்ச் சேர்ந்திருவான்லா! துணி கண்ணு முன்னாடி கெடக்கு, நான் ரொட்டியையும் கூத்தையும் தேடிக்கிட்டு நிக்கிறேன்."

அன்று முதல் மண்டைக்குள் ஒரே குழப்பம். 'பாடம் படி' என்றால் நம்மில் யாராவது மாடிப்படியை நினைக்கிறோமா? நிகண்டைப் புரட்டியா தமிழ் பேசுகிறோம்? பொருள் சொல்லில் இருக்கிறதா, முன்னால் கிடக்கும் துணியில் இருக்கிறதா? இன்னும் தெளியவில்லை.

நாளை முதல் பாட்டுக்கு விடுமுறை. அக்கா வீட்டில் பாய், வாளி, கட்டுத்துணி, தண்ணீர்க் குவளை எல்லாவற்றையும் பரப்பி, நானே நோயாளியாகப் படுத்து முழு வாக்கியங்களாக ஆங்கிலத்தில் முனகப்போகிறேன். திங்கட்கிழமைக்குள் அவள் கையால் நான் பிழைத்து எழுந்தாக வேண்டும்.