அக்காவுக்கு நான் போட்ட பத்து

ஸ்க்ரூடிரைவரின் முனையை டிரான்ஸ்பார்மரின் இரும்புத் தகட்டில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார் டெஸ்டிங் அக்கா. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், டிவிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் வைக்கிற ஸ்டெபிலைசருக்குள் போகும் டிரான்ஸ்பார்மர்களைச் செய்துகொடுக்கும் சின்ன கம்பெனி எங்களுடையது. அக்காவின் மேஜையில் மீட்டர் இருந்தது. மீட்டர் வோல்டேஜைச் சொல்லும், தகடு தளர்ந்து இரைவதைச் சொல்லாது. அதை அக்காவின் காதுதான் சொல்லும். சரியாக இருந்தால் மூக்கால் ஒரு ‘ம்’ போட்டு வலது பக்கம் வைப்பார். சரியில்லை என்றால் வாயே திறக்காமல் இடது பக்கம் தள்ளிவிடுவார். தகடு அடுக்குவது என் வேலை. இடது பக்கம் சேருகிற குவியலில் முக்கால்வாசி என் கைவண்ணமாகவே இருக்கும். முதல் மாதம் முழுக்க அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வேலை செய்தேன். என்னைவிட ஐந்தாறு வயதுதான் பெரியவர், அதற்குள் இவ்வளவு கறாரா என்று எரிச்சலாக இருக்கும்.

எங்களைச் சேர்த்து வைத்தது கம்பெனியின் வேன் ஓட்டுகிற அண்ணன். வேலூர், சேலம், திருச்சி என்று சரக்கு இறக்கப் போகிற இடத்தில் எல்லாம் பஸ் ஸ்டாண்டு கேசட் கடைகளில் நின்று, யாரும் தொடாத மூலையில் கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டு வருவார். சினிமாவில் வராத, ரேடியோவில் போடாத பாட்டுகள். வாலாஜா பக்கம் ஒரு பள்ளி ஆசிரியர் தாமே எழுதி, தாமே பாடி, அட்டையில் தம் போட்டோவையும் போட்டு வெளியிட்ட கேசட் ஒன்று இருந்தது. சேலத்தில் யாரோ ஒருவர் தன் மகளோடு வீட்டிலேயே பதிவு செய்த பாட்டுகளும் வந்தன. அதில் நாலாவது பாட்டின் நடுவே நாய் குரைக்கும். காசிமேட்டு கானா, கடலூர் சர்ச் இளைஞர்களின் கிட்டார் பாட்டு, பேரே போடாத கேசட்டுகள் என்று அவர் கொண்டுவராதது இல்லை. இதையெல்லாம் ஏன் வாங்குகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். “சினிமாப் பாட்டுக்கு ஊரே கீது. இதுக்கு யாரும்மா கீறா? நாமளாவது கேப்போம்” என்றார்.

அப்படி ஐந்து பேர் சேர்ந்தோம். வேன் அண்ணன், அக்கா, நான், பேக்கிங்கில் இருந்த இரண்டு பெண்கள். ஒரு கேசட் ஆளுக்கு இரண்டு நாள் என்று வீடு வீடாகப் போகும். ஒவ்வொரு பாட்டுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் எழுதி, துண்டுச் சீட்டை மடித்து ஒரு காலி பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் இருந்த நிழலில் உட்கார்ந்து, அக்கா சீட்டுகளைப் பிரித்து வாசிப்பார். விதிகள் எல்லாம் அக்கா போட்டவைதான். மூன்று தடவை கேட்காமல் மார்க் போடக் கூடாது. ‘நல்லா இருக்கு’ என்று எழுதினால் சீட்டு செல்லாது, எந்த இடம் நன்றாக இருக்கிறது, எந்த இடத்தில் சறுக்குகிறது என்று சொல்ல வேண்டும். பாடியவர் பாவம் என்று கூட்டிப் போடக் கூடாது. பத்துக்குப் பத்து யாரும் போட்டதில்லை. அக்காவிடம் எட்டரை வாங்கிய பாட்டு ஒன்றே ஒன்று. அன்றைக்கு வேன் அண்ணன் எல்லாருக்கும் மசால் வடை வாங்கிக் கொடுத்தார், அவரே பாடியதுபோல.

எனக்குப் படிப்பு பத்தாவதோடு நின்றுபோனது. யாரும் என்னிடம் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்டதில்லை. கல்யாணத்துக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றிக்கூட கேட்கவில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் அக்கா என் சீட்டைக் கடைசியாக எடுத்து வைத்துக்கொண்டு, “இப்ப இவ என்னா சொல்றான்னு பாப்போம்” என்பார். வாசித்துவிட்டு, சில சமயம் தன் மார்க்கை அடித்துத் திருத்துவார். அந்த அடித்தலுக்காகவே நான் ஒரு பாட்டை மூன்று தடவைக்குப் பதில் ஏழெட்டு தடவை கேட்பேன். எங்கள் வீட்டு டேப் ரிக்கார்டரில் ரீவைண்ட் பொத்தான் தேய்ந்துபோய், பென்சிலை விட்டுச் சுற்ற வேண்டியதாயிற்று. அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை வேன் அண்ணன் அட்டை இல்லாத ஒரு கேசட்டைக் கொண்டுவந்தார். நாகர்கோவில் பக்கம் ஒரு பொம்பளை பாடியது, ஆறு பாட்டு, கூட கிட்டார் மட்டும் என்றார். அந்தத் தடவை என் முறை கடைசி. முதல் இரண்டு பாட்டையும் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது பாட்டு ஆரம்பிக்கும் முன், கிட்டார்காரருக்குத் தொடங்கச் சொல்லும் ஜாடையாக, அந்தப் பெண் மூக்கால் ஒரு ‘ம்’ சொன்னாள். நான் எழுந்து உட்கார்ந்தேன். நாள் முழுக்க மூன்று கை தூரத்தில் உட்கார்ந்து அந்த ‘ம்’முக்காகவே ஏங்கிக்கொண்டிருப்பவள் நான். எனக்குத் தெரியாதா?

அக்கா ஆவடி சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடுவார் என்பது தெரியும். சொந்தமாகப் பாட்டு கட்டுவார் என்பது யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அந்தக் கேசட்டை நான் கேட்ட விதத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. பாட்டு எங்கே காதில் விழுந்தது? எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம் அக்கா, நம் அக்கா என்று அதுவே ஓடிக்கொண்டிருந்தது. என் தகடுகளை இடது பக்கம் தள்ளியவரை இந்த ஒரு தடவையாவது நான் வலது பக்கம் தூக்கி வைக்க வேண்டும் என்று ஒரு வேகம். சீட்டை எடுத்து ஆறு பாட்டுக்கும் பத்து, பத்து என்று எழுதினேன். கீழே, ‘இதைவிட நல்ல பாட்டை நான் கேட்டதில்லை’ என்று வேறு சேர்த்தேன். அவர் வாசிக்கும்போது முகம் மலர்வதைப் பார்க்கத் தயாராகச் சனிக்கிழமை நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன்.

அக்கா மற்றவர்களின் சீட்டுகளை மெதுவாக வாசித்தார். ஏழு, நாலு, ஐந்து, ஆறு என்று மாறி மாறி வந்தது. இரண்டாவது பாட்டு இழுவை என்று ஒரு பேக்கிங் பெண் எழுதியிருந்தாள். அக்காவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வழக்கம்போல என் சீட்டைக் கடைசியாக எடுத்தார், வழக்கமான அந்த வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை. பிரித்தார். வாசிக்கவில்லை. மறுபடி மடித்து டப்பாவிலேயே வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் பின்னாலேயே ஓடினேன். மேஜை மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“உனக்குத் தெரிஞ்சிடுச்சா?” என்றார்.

“தெரிஞ்சுதுக்கா. சூப்பரா இருந்துச்சு.”

“நீ என்னையத்தான் கேட்டிருக்க. பாட்டக் கேக்கவே இல்ல” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். எதையோ தொலைத்துவிட்டவர் மாதிரிச் சொன்னார். பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மீதிக் கதையை வேன் அண்ணன்தான் சொன்னார். ஆவடியில் புதிதாக ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்த ஒருவர், ஒரு கேசட்டின் ஒரு பக்கத்தை அக்காவுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு பக்கத்தில் நாலு பாட்டுக்குத்தான் இடம். ஆறில் எந்த நாலு என்று தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டுக்காரர், தம்பி, பங்குச் சாமியார் எல்லாரும் ஆறுமே அருமை என்கிறார்கள். “அவங்க எல்லாம் அப்பிடித்தான் சொல்வாங்க. பாசம். அதான் அக்கா என்னாண்ட கேசட்டக் குடுத்து, நாகர்கோயில்னு சொல்லுன்னுச்சு. மெயினா உன் மார்க்குக்குத்தான்மா. நீதான் கரீட்டா சொல்வேன்னு நெனச்சிகினு இருந்துச்சு. நீ இன்னாடான்னா ஒண்ணாங்கிளாசு வாத்தியாரு மாரி மொத்தத்துக்கும் பத்து போட்டு வெச்சிருக்க” என்றார்.

மூன்று பாட்டுகள் மற்றவர்களின் மார்க்கிலேயே தேறிவிட்டன. நாலாவது இடத்துக்கு இரண்டு பாட்டுகள் சமமாக நின்றன. ஒன்று ஜெபப் பாட்டு. மற்றது ரயில்வே கேட்டைப் பற்றியது. கேட் மூடியதும் சைக்கிள்காரர், பால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிரசவ வலி எடுத்த பெண்ணோடு வந்த ஆட்டோ என்று எல்லாரும் ஒரே கம்பிக்கு முன்னால் நிற்பதைப் பற்றிய பாட்டு. என் மார்க் ஒன்றுதான் பாக்கி, அது இரண்டுக்கும் பத்து. அக்கா ஜெபப் பாட்டை எடுத்துக்கொண்டார். சர்ச்சிலும் அதைத்தான் விரும்புவார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாராம்.

இரண்டு வாரம் எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு வேன் அண்ணனிடமிருந்து அந்தக் கேசட்டைத் திரும்ப வாங்கி, யாரோ ஒரு நாகர்கோவில்காரி பாடியது என்று பலவந்தமாக நினைத்துக்கொண்டு கேட்டேன். முதல் பாட்டு ஆறு. இரண்டாவது உண்மையிலேயே இழுவை, மூன்றுக்கு மேல் போட முடியாது. ஜெபப் பாட்டு இனிமைதான், ஆனால் எங்கேயோ கேட்ட இனிமை, ஐந்தரை. ரயில்வே கேட் பாட்டில் ரயில் கடந்துபோகிற இடத்தில் கிட்டார் நின்று, அக்காவின் குரல் மட்டும் இரண்டு வரி தனியாக வரும். பென்சிலை விட்டு அந்த இரண்டு வரியையே திரும்பத் திரும்பச் சுற்றிக் கேட்டேன். ஒன்பது. ஆயுளில் யாருக்கும் நான் போடாத ஒன்பது.

மறுநாள் சீட்டை அக்காவின் மேஜையில் வைத்தேன். நின்றபடியே வாசித்தார். பதிவு அதற்கு முந்தின ஞாயிறே முடிந்திருந்தது. கேட் பாட்டை இனி சேர்க்க முடியாது.

“ஒம்போதா?” என்றார்.

“ஆமாக்கா.”

“ரெண்டாவது பாட்டு மூணு?”

“மூணே ஜாஸ்திக்கா.”

அக்கா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். “இத அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதாடி” என்று என் தோளில் ஒன்று வைத்தார். வலித்தது, வைக்கட்டும் என்று நின்றேன். அந்த அடியில்தான் என்னை மன்னித்தார் என்று நினைக்கிறேன். நான் என்னை மன்னிக்கவில்லை. கேசட் வெளிவந்தது, சில சர்ச் வாசல்களில் விற்றது, ஜெபப் பாட்டை ஆவடிப் பக்கம் கொஞ்ச நாள் பாடினார்கள். கேட் பாட்டு இருந்த கேசட்டில் பிறகு அக்காவின் தம்பி எதையோ பதிந்துவிட்டான்.

கம்பெனி தொண்ணூறுகள் முடிவதற்குள் மூடப்பட்டது. நான் கல்யாணமாகிப் பூந்தமல்லிக்கு வந்தேன். வேன் அண்ணன் இப்போது இல்லை. அக்கா முகப்பேரில் மகனோடு, இரண்டாவது மாடியில் இருக்கிறார். இப்போது யார் வேண்டுமானாலும் பாட்டுப் போடலாம், உலகமே கேட்கலாம், நல்ல விஷயம்தான். என் அக்கம்பக்கத்து வாட்ஸ்அப் குழுவில் தினம் பத்துப் பாட்டு வருகிறது. பாட்டு நாலு நிமிஷம் என்றால் நாலு விநாடியில் சிவப்பு இதயம் விழுந்துவிடுகிறது. எனக்குக் குறை சொல்ல வாயில்லை. அந்த வேலையை அவர்களுக்கெல்லாம் முன்பே செய்தவள் நான்.

போன வருஷம் அக்காவுக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. பார்க்கப் போனபோது பேச முடியவில்லை, எழுதிக் காட்டினார். குரல் திரும்பும், ஆனால் பழையபடி இருக்குமா என்று சொல்ல முடியாது என்றார்களாம். மகனும் மருமகளும், “அம்மா, அப்பிடியேதான் இருக்கு உங்க வாய்ஸ்” என்று அவர் எதிரில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தங்கமான பிள்ளைகள். அக்கா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஐந்து மாதம் கழித்து ஒருநாள் காலை கைப்பேசியில் ஒரு குரல் பதிவு வந்தது. கூட ஒரு வரி: ‘புதுசா கட்டினது. தேறலன்னா சொல்லு, இத்தோட விட்டுடறேன்.’ பஸ்ஸுக்காகப் பூந்தமல்லி ஸ்டாண்டில் நின்றிருந்தேன். காதில் ஒட்டிவைத்துக் கேட்டேன். குரல் உடைந்து, மேலே போகிற இடத்தில் எல்லாம் காற்றாகிப் போயிருந்தது. பத்து என்று அடிக்க விரல் துடித்தது. அடித்தும்விட்டேன். அனுப்பவில்லை. அழித்தேன். பஸ் வந்து போயிற்று. மறுபடி கேட்டேன், மறுபடியும் கேட்டேன். இரண்டு பஸ்ஸை விட்டபிறகு எழுதினேன்: ‘நாலு. மேல் ஸ்தாயி வரவில்லை, அதைத் தொடவே வேண்டாம். கீழே பாடுகிற கடைசி நாலு வரி புதிதாக இருக்கிறது, முன்பு உங்களிடம் இல்லாத குரல் அது.’

அனுப்பியதும், அடி வாங்கிக் கிடக்கிறவருக்கு நாலா போடுவாய், பாவி, என்று என்னையே திட்டிக்கொண்டேன். பதில் வரவில்லை. பத்து நிமிஷம் கழித்து கைப்பேசி அடித்தது.

“நாலா? நெசமாத்தான் சொல்றியா?” கரகரத்த குரலில் அக்கா கேட்டார்.

“நெசமாத்தான்க்கா. ஒரு மார்க் கூடக் கூட்டிப் போடல.”



“நான் ரெண்டுதான் வரும்னு நெனச்சிட்டிருந்தேன்டி” என்றார். “நாலு வந்திருக்கே. அப்போ பாடலாம்.”