சின்னராசா போட்ட முடிச்சு

சின்னராசாவுக்கும் கடலுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. பிறந்தது மலையகத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். எழுபத்தேழில் தமிழரை அடித்து விரட்டியபோது, தாயும் தகப்பனும் சிறுவனான அவரைக் கூட்டிக்கொண்டு லொறியில் ஏறி வந்து, மாங்குளத்துக்கு உள்ளே காடு வெட்டிக் குடியேறினார்கள். அதற்குப் பிறகு மாடுதான் அவருக்கு உலகம். ஆளில்லாமல் திரிந்து காட்டோடு போய்விட்ட மாட்டை வன்னியில் குழுவன் மாடு என்பார்கள். அதன் கிட்டப் போனால் குடல் வெளியே வந்துவிடும். தள்ளி நின்று கயிற்றில் சுருக்குப் போட்டு எறிந்துதான் பிடிக்கவேண்டும். அப்படி எறிய அந்தப் பக்கத்தில் சின்னராசாவை விட்டால் ஆள் குறைவு. பிறகு சண்டை வந்தது. மாடெல்லாம் போனது. செட்டிகுளத்து அகதி முகாமில் கிடந்துவிட்டு ஊர் திரும்பியபோது, மனிசிக்காரி விமலேஸ்வரியும் மகள் லக்சிகாவும்தான் மிச்சம். போதும் என்று இருந்தார் மனிதர்.

அந்த மகளாவது வயல்காரன் ஒருவனைக் கட்டியிருக்கக்கூடாதா? முல்லைத்தீவில் போய் ஒரு கடல்காரனைக் கட்டினாள்! மருமகன் சுகிர்தன் நல்ல பிள்ளை, அதில் குறை சொல்ல ஏதுமில்லை. எஞ்சினை வயிற்றுக்குள் வைத்த படகு ஒன்று வைத்திருந்தான். மேலே வெயிலுக்குத் தறப்பாள், இருக்க வாங்கு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை ஆழக்கடலுக்கு ஏற்றிப்போய், பாறைகளுக்கு மேலே படகை நிறுத்தி, கலவாய் மீன் பிடிக்க வைப்பான். ஆனால் அவனுடைய தமையன் ஒருநாள் கடலுக்குப் போனவன் போனவன்தான். லக்சிகாவுக்கு வயிற்றில் பிள்ளை தங்கியதிலிருந்து அந்த நினைப்புத்தான்.

"அப்பா, அவரைத் தனிய விடாதேங்கோ. நீங்கள் கூடப் போனீங்களெண்டாத்தான் எனக்கு ஒரு வாய் சோறு இறங்கும்."

"எனக்கு நீந்தத் தெரியாதே, பிள்ளை."

"அவருக்குத் தெரியும். நீங்கள் அவரில ஒரு கண் வைச்சிருந்தாக் காணும்."

பெற்ற பிள்ளை இப்படிக் கேட்டால் எந்தத் தகப்பன் மாட்டேன் என்பான்? ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் சின்னராசா கடலில் இறங்கினார். முதல் கிழமை முழுக்கச் சத்தி எடுத்தார். கரையில் நின்றவர்கள் "அண்ணை, இண்டைக்கும் மீனுக்குச் சாப்பாடு போட்டாச்சோ?" என்று பகிடி பண்ணினார்கள். மெல்ல மெல்லக் குடல் பழகியது. கை மட்டும் பழகவில்லை. நங்கூரக் கயிற்றை எப்படிக் கட்டுவது என்று சுகிர்தன் திரும்பத் திரும்பக் காட்டிக் கொடுத்தான். அவரும் "ஓம் தம்பி, ஓம் தம்பி" என்று தலையை ஆட்டினார். தலை ஆடினால் போதுமா?

சோளகக் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற ஆடி மாதம். அன்றைக்குப் படகில் வந்தவர் கோகுலன். கண்டாவளையில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, பெரிய கலவாய் ஒன்றைப் பிடிக்காமல் திரும்பமாட்டேன் என்று நின்றவர். பாறைக்குக் கிட்டப் போகையிலேயே எஞ்சின் இருமிவிட்டு நின்றது. யாரோ கைவிட்ட வலைத்துண்டு ஒன்று அடியில் விசிறியில் சுற்றிக்கொண்டது. சுகிர்தன் நங்கூரத்தை எறிந்தான்.

"மாமா, கயிறைக் கட்டுங்கோ. நான் இறங்கி வலையை வெட்டிவிடுறன்."

"தம்பி, இடுப்பில ஒரு கயிறைக் கட்டிக்கொண்டு இறங்கன்."

"கடல்காரனுக்கு இடுப்புக் கயிறோ, மாமா?" என்று சிரித்துவிட்டு, கத்தியோடு குதித்தான்.

சின்னராசா படகின் முன்முனையில், அணியத்துக் கட்டையில் நங்கூரக் கயிற்றைக் கட்டினார். கண் மருமகன் மேல், கை கயிற்றின் மேல். கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. மாடு மிரண்டால் ஒரே இழுவையில் அவிழ்த்துவிடுவதற்கென்று மாட்டுக்காரர் போடும் முடிச்சு ஒன்று இருக்கிறது. எவ்வளவு இழுத்தாலும் மாட்டுப்பக்கம் அவிழாது, தொங்குகிற நுனியை இழுத்தால் கழன்றுவிடும். அதையே போட்டார். போட்டது அவருக்கே தெரியாது.

கோகுலன் பொறுக்கவில்லை, தூண்டிலைப் போட்டார். போட்ட கையோடு தடி வளைந்தது. "கலவாய்! கலவாய்!" என்று கத்தினார். கொழுவுப்பட்ட கலவாய் நேரே பாறைப் பொந்துக்குள் புகுந்து செவுளை விரித்துக்கொண்டு கிடக்கும். இழுத்தால் வராது, நூலைத் தளர்த்திவிட்டுச் சும்மா இருந்தால்தான் வெளியே வரும் என்று சுகிர்தன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவன். மீன் கொத்திய நேரத்தில் யாருக்கு அது ஞாபகம் வரும்! இழுக்கிற வேகத்தில் கோகுலன் அணியம் வரைக்கும் போய்க் கட்டையில் காலை உதைத்தார். தொங்கிய நுனி காலில் சிக்கியது. முடிச்சுக் கழன்றது. கயிறு சர்ரென்று கடலுக்குள் போனது.

தறப்பாளில் காற்றுப் பிடித்தது. கரையிலிருந்து வீசுகிற காற்று, படகை ஆழத்துக்குத் தள்ளியது. மூச்செடுக்க மேலே வந்த சுகிர்தனுக்கு முன்னால் படகு இல்லை. அது தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. கத்தியைக் கைவிட்டு நீந்தினான். நல்ல நீச்சற்காரன்தான். ஆனாலும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. அடியில் கிடந்து வலையோடு மல்லுக்கட்டிய களைப்பு வேறு.

சின்னராசா அணியத்துக்கு ஓடினார். வெறுங்கட்டையைப் பார்த்தார், எல்லாம் விளங்கிவிட்டது. ஐயோ, நானே என் பிள்ளையின் தாலியை அவிழ்த்துவிட்டேனே! அந்த நினைப்பு ஒரு கணம்தான். அடுத்த கணம் பாக்கு வெட்டும் கத்தியை மடியிலிருந்து எடுத்துத் தறப்பாள் கயிறுகளை அறுத்துத் தள்ளினார். தறப்பாள் விழுந்தது, படகின் வேகம் தணிந்தது. வாங்குக்குக் கீழே கிடந்த மிச்சக் கயிற்றை இழுத்துச் சுருக்குப் போட்டார். இந்தச் சுருக்குக்கு அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

"தம்பி" என்று கூப்பிட்டுப் பழகிய வாயில் தாயின் மலையகப் பேச்சுத்தான் வந்தது. "மாப்புள! கைய மேல தூக்குங்க! தூக்குங்க சாமி!"

கோகுலன் தடியைப் போட்டுவிட்டு, பின்னால் நின்று அவருடைய இடுப்புப் பட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முதல் எறி காற்றில் விலகிப் போனது. கயிற்றைச் சுருட்டி எடுத்தார். காற்றை ஒருமுறை கன்னத்தில் வாங்கிப் பார்த்தார், தலைக்கு மேலே சுழற்றினார், எறிந்தார். சுருக்கு சுகிர்தனின் தலைக்கும் தூக்கிய கைக்கும் மேலாக விழுந்து அக்குளுக்குள் இறுகியது. அவ்வளவுதான்! இரண்டு பேருமாக இழுத்தார்கள். படகோரத்தில் வந்து தொங்கிய மருமகனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சின்னராசா விக்கி விக்கி அழுதார். போன உயிர் திரும்பி வந்தது யாருக்கு என்று சொல்லத் தெரியாமல் இருந்தது.

"மாமா, கழுத்தை விடுங்கோ. கடலில தப்பினவன் இதில செத்துப்போவன்" என்றான் சுகிர்தன்.

மூச்சு வாங்கி முடிந்ததும், மாமனாரின் பாக்குக் கத்தியோடு அவன் மறுபடி இறங்கினான். இந்தமுறை இடுப்பில் கயிறு, ஒரு கதையுமில்லாமல். மிச்ச வலையும் வெட்டுப்பட்டது. அதற்குள் பின்பக்கம் ஏதோ கிறீச்சிட்டது. கோகுலன் கைவிட்ட தடி வாங்குக்குள் சிக்கிக்கிடந்து, றீலில் இருந்து நூல் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் இழுக்கவில்லை என்று நம்பிக் கலவாய் பொந்தைவிட்டு வெளியே வந்துவிட்டது, பாவம். ஏற்றியபோது அதன் வாய் ஒரு சட்டி அகலம் இருந்தது. 

வரும் வழியில் சுகிர்தன், "லக்சிகாவிட்ட ஒண்டும் சொல்லவேண்டாம், மாமா" என்றான். சின்னராசா ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சொன்னால் மகள் இனி முகத்தில் முழிப்பாளா என்ற பயம், மறைக்கவும் மனம் வரவில்லை.

முதலில் பேசவேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை. வீட்டில் சுகிர்தன் குளிக்கச் சேட்டைக் கழற்றினான். தோளிலிருந்து அக்குள் வரைக்கும் சிவந்து தடித்த ஒரு கோடு. லக்சிகா மாட்டுக்காரன் மகள் அல்லவா? கிட்ட வந்து விரலால் தடவினாள். தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, இவருக்குச் சுருக்கு எறிஞ்சனீங்களோ?"

"ஓம், பிள்ளை." அதற்குமேல் அவரால் அடக்கமுடியவில்லை. "நங்கூரம் போனது நான் கட்டின முடிச்சால. மாட்டு முடிச்சைப் போட்டிட்டன்."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகையோடு அழுகையாகச் சிரிப்பும் வந்தது. பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, புருசனைப் பார்த்துச் சொன்னாள்:

"இனி அப்பா இல்லாமல் நீங்கள் படகில கால் வைக்கக்கூடாது. சொல்லிப்போட்டன்."

சின்னராசா கதிரையில் பொத்தென்று இருந்தார். 

"அவர் வரட்டும்," என்றான் சுகிர்தன். "கயிறை எறியிறது மாமா. கட்டுறது நான்."