ஒன்பதாம் எண்ணுக்கு ஒரு பெயர்

கூடைப்பந்து அணிக்கு ஆள் தேடுவது கல்யாணத்துக்குப் பெண் தேடுவதைவிடச் சங்கடமான வேலை. இதில் இரண்டு வீட்டாருமே நம்மைத்தான் திட்டுவார்கள். வங்கி அணிக்கோ ஆலை அணிக்கோ தெரு அணிக்கோ ஆள் தேடி அலைந்து செருப்பு தேய்ந்த தோழர்களே, இது உங்களுக்காக.

எனக்கு இந்த வேலை எப்படி வந்தது என்பதை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். வரிசையை மாற்றிச் சொல்வது நிர்வாகத்தின் பழக்கம். முதலாவது, வண்டலூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் எங்கள் ஊர் நிலத்தை வாங்கி ஆலை கட்டியவர்கள், வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். தெருவுக்கு ஒன்று கொடுத்தார்கள். இரண்டாவது, சைக்கிள் நிறுத்தக் கூரை கேட்டோம்; அதற்கு ஒதுக்கிய இடத்தில், அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த முதலாளி மகனின் ஆசைக்காகக் கூடைப்பந்து மைதானம் போட்டார்கள். மூன்றாவது, அதில் ஆட வெளியூர்க்காரர்களைக் கொண்டுவந்து, ஆட்டத்துக்காக நிரந்தர வேலையும் கொடுத்தார்கள். நான்காவது, ‘எங்கள் பக்கத்து இளைஞர்களுக்கு ஆடத் தெரியாதா?’ என்று துண்டுப் பிரசுரம் அடித்து, வாயிற்கூட்டம் போட்டு, உண்ணாவிரதம் இருந்த சங்கத் துணைச் செயலாளரான என்னை, ‘சரி, நீயே ஆளைக் கொண்டு வா’ என்று அணிக்கு மேலாளர் ஆக்கினார்கள். நான்கில் கொடியது நான்காவதுதான்.

அதுவரை நான் அந்தப் பந்தைக் கையால் தொட்டவன் இல்லை. ஒரே பருவத்தில் மாறிப் போனேன். மாலை ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது சிமெண்டுத் தரையில் பந்து விழுந்து எழும் ஓசை கேட்டால் கால் தானாக நிற்கும். ஆலை மூடிய பிறகும், எந்தத் தெருவில் அந்த ஓசை கேட்டாலும் நின்றுவிடுகிறது.

செலக்‌ஷன் நாள்

காசுக்கு ஆடும் அணி என்று நம்மூரில் தனியாகக் கிடையாது. ஆட்டத்துக்காக வேலை, வேலைக்காக ஆட்டம். எண்பதுகளில் ஆண்டுக்கு ஒரு முறை செலக்‌ஷன் நடக்கும். மாநிலத்துக்கு ஆடியவர்கள், பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர்கள் என்று சான்றிதழ்க் கட்டோடு வந்து நிற்பார்கள். பெரிய அணிகள் நல்ல ஆட்களை அள்ளிக்கொண்டு போன பிறகு, பந்திக்குப் பிந்தியவர்களைப் போல நாங்கள் போவோம்.

ஒரு முறை செங்கல்பட்டிலிருந்து ஒருவன் வெறுங்கையோடு வந்தான். எங்கிருந்து எறிந்தாலும் பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே போயிற்று. ஆள் எடுக்கும் எங்கள் பர்சனல் ஆபீசர் மைதானத்தைப் பார்க்கவே இல்லை. மேசையிலிருந்த காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சார், தலையை நிமிர்த்தி ஒரு தடவை பாருங்கள்” என்றேன். அவர் நிமிராமலே சொன்னார்: “பாக்கறேன் சுந்தரம், ஆனா அவன் பந்து போடறத நான் ஃபைல்ல வெக்க முடியுமா?”

உயரமானவர்

சான்றிதழ் இல்லாதவர்களை எங்கே தேடுவது? தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் தேடினேன். கைப்பிடி எவன் நெற்றியில் இடிக்கிறதோ அவன் நமக்கு ஆவான் என்பது என் கணக்கு. குரோம்பேட்டையில் ஒருவர் ஏறினார். வாசலில் குனிந்துதான் உள்ளே வந்தார். மாம்பலம் வரை பார்த்துக்கொண்டே இருந்து, அவர் இறங்கியதும் நானும் இறங்கி, பாலத்துப் படியில் மறித்து விஷயத்தைச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்தவர் முகம் அது. “சார், சின்ன வயசுலேர்ந்து எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. பந்து வந்தா எனக்குக் கண்ணு தானா மூடிக்கும். உங்க வீட்ல பல்ப் மாத்தணும்னா சொல்லுங்க, வரேன்.”

முழங்கால்

பெரிய அணிகள் கழித்துவிட்டவர்களையும் தேடிப் போவோம். பல்லாவரத்தில் அப்படி ஒருவர் இருந்தார். ஒரு காலத்தில் அவர் பந்தோடு வலப்பக்கம் திரும்பினால் பார்வையாளர்களும் உட்கார்ந்தபடியே வலப்பக்கம் சாய்வார்கள். முழங்கால் பிசகியதும் அவருடைய அலுவலகம் அவரை மேசைக்கு அனுப்பியது. பிறகு அந்த மேசையும் போயிற்று.

நான் போனபோது லுங்கியோடு நாற்காலியில் இருந்தார். “என்னால ஒரு பாதி முழுக்க ஓட முடியாது. பத்து நிமிஷம், அவ்வளவுதான்” என்றார். பத்து நிமிடத்துக்கு ஒருவரை எடுத்துக்கொள்ளச் சொன்னால் நிர்வாகம் சிரிக்குமே என்று நான் தயங்கியபடி எழுந்தேன். அவர் மனைவி தெருமுனை வரை பின்னாலேயே வந்தார். “பத்து நிமிஷம் ஆடட்டும் சார். மீதி நேரம் அங்கயே பெஞ்சுல குந்த வெச்சிடுங்க. இங்க குந்துனா செவுத்தையே பாத்துகினு கீறாரு.”

தர்பூசணி லாரி

எபினேசரைக் கண்டது தாம்பரம் மார்க்கெட்டில். கோடையில் தர்பூசணி லாரி வந்தால் ஆட்கள் வரிசையாக நின்று, மேலிருந்து கீழே பழத்தைக் கை மாற்றி எறிவார்கள். வரிசையின் நடுவில் ஒருவன், இடது கைக்காரன். வருகிற பழத்தைப் பார்க்கவே மாட்டான். பக்கத்துக் கடைக்காரரிடம் வம்பு பேசிக்கொண்டே ஒரு கையில் வாங்கி, உடம்பைத் திருப்பாமல் முதுகுக்குப் பின்னால் அனுப்புவான். அது அடுத்தவன் கையில் குழந்தையைப் போல் போய் உட்காரும். ஒரு பழம் கீழே விழவில்லை. நான் வாங்க வந்த கத்தரிக்காயை மறந்துவிட்டேன்.

லாரி காலியானதும் டீ வாங்கிக் கொடுத்து ஊரையும் வீட்டையும் விசாரித்தேன். கீழ்க்கட்டளை. அப்பா அம்மா இல்லை. மீன் விற்கும் அக்கா வளர்த்தது. பல்லாவரத்தில் பாதிரியார்கள் நடத்திய பள்ளியில் கூடைப்பந்து ஆடியிருக்கிறான். எட்டாவதோடு பள்ளியும் ஆட்டமும் நின்றுவிட்டன. பிறகு தேவாலய மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். அணியில் சேர வருகிறாயா என்றேன். டீயை முழுக்கக் குடித்துவிட்டு, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்து கேட்டான்: “வரேண்ணா. ஆனா ஒண்ணு சொல்லு. பர்மனென்ட்டா, இல்ல இந்தப் பழம் மாதிரி சீசனுக்கா?”

இரவல் பெயர்

நிரந்தரமாக்குகிறோம் என்றுதான் நிர்வாகம் சொன்னது, அடுத்த செலக்‌ஷனில். அதுவரை எபி கெஸ்ட் பிளேயர்: பஸ் செலவும் பிரியாணியும். ஆனால் ஆலைகளுக்கு இடையிலான போட்டியில் நிரந்தரத் தொழிலாளி மட்டுமே ஆடலாம். அதற்கும் நிர்வாகம் வழி வைத்திருந்தது. ஸ்டோர்ஸில் வேலை பார்த்த வரதராஜனின் பெயரில், ஒன்பதாம் எண் சட்டையில் எபி ஆடுவான். வரதராஜன் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர். நான் எதிர்த்துக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். எல்லா ஆலைகளும் இதைத்தான் செய்கின்றன என்று பதில் வந்தது. அது பொய்யில்லை. எங்கள் எதிரணியில் ஆடிய ‘கோபாலகிருஷ்ணன்’ மலையாளத்தில் கர்த்தரைக் கூப்பிட்டுவிட்டுத்தான் ஃப்ரீ த்ரோ போடுவான்.

அந்த ஆண்டு ஆட்டம் முடிந்து, சிறந்த ஆட்டக்காரர் வரதராஜன் என்று அறிவித்தார்கள். எபி தனக்கில்லை என்பதுபோல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். பார்வையாளர் வரிசையிலிருந்து நிஜ வரதராஜன் டிபன் பாக்ஸோடு எழுந்து, பழக்கதோஷத்தில் “பிரசன்ட் சார்” என்று கையைத் தூக்கிவிட்டார். சட்டையைப் பிடித்து உட்கார வைத்தோம். மறுநாள் செய்தித்தாளில் படமில்லாமல் பெயர் மட்டும் வந்தது. அடுத்த பருவத்தில் நான் எபியின் சொந்தப் பெயருக்காக மறுபடி சண்டைக்குக் கிளம்பியபோது, வரதராஜன் என்னை ஸ்டோர்ஸ் மூலைக்கு அழைத்துப் போனார். “மாமனார் வீட்ல இப்பதான் சார் எனக்கு ஃபேன் போடறாங்க. இன்னும் ஒரு வருஷம் அந்தப் பேர் அப்படியே இருக்கட்டும்.”

பழைய பத்திரிகை

எடைக்குப் போட வந்த ஒரு அமெரிக்கப் பத்திரிகை என் கைக்கு வந்தது. ஆங்கிலத்தை நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். துண்டுப் பிரசுரம் படித்துப் படிப்பாளி ஆனவன். ஆனால் இதை விடவில்லை. தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் எபியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அங்கே ஆண்டுக்கு ஒரு நாள் புது ஆட்டக்காரர்களை முறை வைத்து எடுக்கிறார்கள். தோற்றுப்போன அணிகளுக்குத்தான் முன்னுரிமை. முதலாளிகளின் நாட்டில் இப்படி ஒரு நியாயம் இருப்பது என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. எடுக்கப்படாதவர்களும் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. சின்ன ஊர் அணிகளிலும் கடல் தாண்டிய நாடுகளிலும் ஆடுவார்கள். ஆள் குறைந்தால் பெரிய அணி பத்து நாள் ஒப்பந்தத்தில் கூப்பிட்டுப் பார்க்கும். அப்படி வந்து நிலைத்தவர்களும் உண்டாம்.

“பத்து நாளா? நான் நாலு வருஷமா கெஸ்டுண்ணா” என்று சிரித்தான் எபி. பிறகு பத்திரிகையை வாங்கி ஒரு படத்தையே பார்த்தான். மேடையில் ஒருவர் மைக் முன் நின்று, எடுக்கப்பட்டவன் பெயரைப் படிக்கிறார். கூட்டத்தில் ஒரு பையன் எழுந்து நிற்கிறான், அவன் வீட்டார் அவனைப் பார்க்கிறார்கள். செங்கல்பட்டு வண்டி வந்தது, போயிற்று. நாங்கள் ஏறவில்லை. எபி படத்திலிருந்து விரலை எடுக்காமல் கேட்டான்: “இன்னாண்ணா, நம்ம பேரயும் எவனாச்சும் ஒரு வாட்டி மைக்ல படிப்பானா?”

மைக்

எங்கள் பகுதி ஆலைப் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. இறுதி ஆட்டத்துக்கு முன்பு அணியின் மேலாளர்தான் தன் ஆட்டக்காரர்களின் பெயர்களை மைக்கில் படிக்க வேண்டும். பெயர் கேட்டவர் நடு வட்டத்துக்கு வந்து கை உயர்த்துவார். நடுவர்களும் எதிரணியும் கூட்டமும் பார்த்திருக்க, அவர் இன்னார் என்பது அதோடு உறுதி. வேறு அடையாளம் கேட்க மாட்டார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் இறுதிக்கு வந்தோம். அந்த ஆண்டு செலக்‌ஷனில் எடுத்தது ஒரு டைரக்டரின் தங்கை மகனை. கத்தைச் சான்றிதழ், இடது கையால் பந்து தட்ட வராது. எபிக்கு அந்த ஆண்டோடு வேலைக்கான வயது வரம்பு முடிகிறது. “இந்த ஒரு மேட்ச் வரதராஜனா ஆடச் சொல்லுங்க, அப்புறம் பாக்கலாம்” என்றார் பர்சனல் ஆபீசர். அந்த ‘அப்புறம்’ இனி வராது என்பது அவருக்கும் எனக்கும் எபிக்கும் தெரியும்.

எபியின் அக்கா முதல் முறையாக ஆட்டம் பார்க்க வந்திருந்தார். மீன்கூடையை மைதானச் சுவருக்கு வெளியே வைத்துவிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவரிடம் “வரதராஜன்னு எல்லாம் கத்துறாங்களே, யாரு அது? நல்லா ஆடுவானா?” என்று விசாரித்துக்கொண்டிருந்தார். எபியின் காதில் அது விழுந்தது. அவன் பந்தைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தான்.

“அண்ணா, இன்னிக்கு என் பேரப் படி.”

“படிச்சா நம்ம அணியையே வெளியே அனுப்பிடுவான் எபி. வேலைக்கு இருக்கிற கொஞ்ச நம்பிக்கையும் போயிடும்.”

“வேல எப்பவோ பூட்ச்சிண்ணா. அக்கா வந்துகீது. அது கேக்கட்டும்.”

மற்றவர்களைப் பார்த்தேன். பல்லாவரத்து முழங்கால்காரர் பெஞ்சில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அதுதான் கடைசி இறுதி ஆட்டம். அவர் கட்டை நிதானமாக அவிழ்க்க ஆரம்பித்தார். “படிங்க சுந்தரம்” என்றார்.

எட்டாம் எண் வரை கைத்தட்டல். ஒன்பதுக்கு நான் எபியின் பெயரைப் படித்தேன். கைத்தட்டல் நின்றது. எபி ஓடவில்லை, நடந்தே நடு வட்டத்துக்குப் போய் இடது கையை உயர்த்தினான். அக்கா எழுந்து நின்றுவிட்டார். நிர்வாக வரிசையில் நாற்காலிகள் தள்ளப்படும் சத்தம். பெரிய நடுவர் நல்ல மனிதர். எனக்கு ஒரு வழி விட நினைத்து, குரலைத் தாழ்த்தினார்: “சார், லைட் சரியில்ல, மாத்திப் படிச்சிட்டீங்க போல. இன்னொரு தடவை பாத்துப் படிங்க.”

பிறகு நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன்: கோப்பை ஆடாமலே எதிரணிக்குப் போயிற்று; எனக்கு சஸ்பென்ஷன்; வரதராஜனுக்கு மாமனார் வீட்டில் ஃபேன் நின்றது; எபி துபாய்க்குப் போனான், இரண்டு கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வந்தது, பிறகு அதுவும் இல்லை. இன்றும் கோடையில் தர்பூசணி லாரி வந்தால் மார்க்கெட்டில் நின்று இடது கைக்காரன் எவனாவது இருக்கிறானா என்று பார்க்கிறேன்.

இத்தனை ஆண்டு ஆள் தேடியதில் ஆலைக்கு ஒரு கோப்பையும் எபிக்கு ஒரு வேலையும் வாங்கித் தர முடியாத இந்த மேலாளர் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், அன்று நடுவர் கேட்டுக்கொண்டபடி மைக்கை இன்னும் பக்கத்தில் இழுத்து, அத்தனை பேருக்கும் கேட்க இரண்டாம் முறை நிதானமாகப் படித்ததுதான்: “எண் ஒன்பது. மா. எபினேசர். கீழ்க்கட்டளை.”