புளி போட்டுத் தேய்த்த குதிரைப்படை ரிவால்வர்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி, சான் ஹோசே விமான நிலையம். பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது என்று செக்-இன் கவுன்ட்டரில் நானே சொன்னேன். சொல்லித்தான் ஆக வேண்டும். குண்டு இல்லாமல், பூட்டிய கெட்டிப் பெட்டியில், லக்கேஜில்தான் அது போகலாம். கவுன்ட்டர் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்து, ஃப்ரீமான்ட்டில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவள் பழைய அமெரிக்க ராணுவ ரிவால்வர் சேகரிக்கிறாள் என்றால் யாரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். எனக்கும் அது பிடிக்கும்.

இந்த ரிவால்வர் 1860களில் குதிரைப்படைக்காகச் செய்தது. மேற்கே எல்லைக் கோட்டைகளில் அலைந்த ஜாதி. மரப்பிடியில் ராணுவ முத்திரை அழியவில்லை. எல்லாப் பாகத்திலும் ஒரே எண், அதாவது எதுவும் பின்னால் மாற்றியதல்ல. டெக்சஸில் வெதர்ஃபோர்டு ஊரில் சேகரிப்பாளர்கள் கண்காட்சி. பரிசோதகர் ஒப்புக்கொண்ட துப்பாக்கியை மட்டும் கண்ணாடிப் பெட்டியில், உரியவர் பெயர் எழுதிய அட்டையோடு வைப்பார்கள்; அவற்றில் சிறந்தவற்றுக்குப் பரிசும் உண்டு. அந்த அட்டையில் என் பெயரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

காட்டச் சொன்னதால் பெட்டியைத் திறந்தேன். ட்ரிகரைச் சுற்றியிருக்கும் பித்தளை வளையம் குத்துவிளக்கு மாதிரி மின்னியது.

பக்கத்தில் நின்ற என் கணவர் சிவக்குமாரின் முகமும் மின்னியது. ஆயுத பூஜைக்கு லேப்டாப், கார் சாவியோடு இதையும் வைத்தாராம். அழுக்காக வைக்கலாமா என்று புளி போட்டுத் தேய்த்தாராம், பூஜை முடிந்ததும் அவரே பெட்டியில் வைத்துப் பூட்டினாராம். நூற்றைம்பது வருஷக் களிம்பு! நம் வீட்டில் அது அழுக்கு. சேகரிப்பாளருக்கு அதுதான் உயிர்.

டாலஸில் இறங்கி, பகல் ஒரு மணிக்கு வாடகைக் காரில் மேற்கே கிளம்பினோம். ஃபோர்ட் வொர்த்தைத் தாண்டி வெதர்ஃபோர்டு வரை ஐம்பது மைலுக்குக் கொஞ்சம் மேல். இருபுறமும் புல்வெளி, மாடுகள், வேலி. ஒளிந்துகொள்ள இடமே இல்லாத வானம். பாதி வழியில் சிவா மெல்ல ஆரம்பித்தார்.

“வாங்கறப்பவே இப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லிரு கண்ணு. யாரு செக் பண்ணப் போறாங்க?”

“நான் அப்படிச் சொல்ல மாட்டேங்க. அந்த அட்டைல என் பேருதான் இருக்கும்.”

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. நுழைவுக் கட்டணம் தலைக்குப் பதினைந்து டாலர். ஹால் முழுக்கத் தொப்பிகள். சேகரிப்பாளர்களில் பெண் என்று என் கண்ணில் பட்டது நான் ஒருத்திதான். பரிசோதகர் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். கன்றுக்குட்டியைத் தொடுகிற மாதிரி ரிவால்வரைத் தொட்டார். வளையத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. மெஷினில் பாலிஷ் போட்டதா என்று கேட்டார். அப்படியென்றால் உடனே வெளியே.

இல்லை, கையால் தேய்த்தது, புளியால் என்றேன். எதற்கு என்றார். ஆயுதங்களுக்கும் கருவிகளுக்கும் வருஷத்துக்கு ஒருநாள் ஓய்வு கொடுத்து, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுவோம், அதற்காக என்றேன். தேய்த்தது என் கணவர் என்பதையும் விடவில்லை. சிவா கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மருத்துவர் பூதக்கண்ணாடியை வைத்து வளையத்தில் பொறித்த எண்ணை வெகுநேரம் பார்த்தார். எண்ணின் விளிம்பு மழுங்கவில்லை; மெஷின் படவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. பரிசு இனிக் கிடையாது, ஆனால் செய்ததை அட்டையில் ஒளிக்காமல் எழுதினால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம் என்றார். இப்படி வந்து நிற்பவர்களில் பாதிப் பேர் பழியை முந்தைய சொந்தக்காரர் மேல் போடுவார்களாம்.

பரிசு போனதில் வருத்தம்தான், பொய் சொல்வானேன். ஆனாலும் என் பெயரை எழுத்துக்கூட்டச் சொல்லி அவரே பேனாவை எடுத்தபோது நெஞ்சு நிமிர்ந்தது. பெட்டிக்குள் அட்டை ஏறியது. மேலே படைப்பிரிவு, அதன் கீழே என் பெயர், கடைசி வரியில் ‘ஆயுத பூஜைக்காகப் புளியால் துலக்கப்பட்டது, ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா’.

மத்தியானம் முழுக்க அந்தப் பெட்டி முன்னால்தான் கூட்டம். ஆயுத பூஜை என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் சிவா சளைக்காமல் விளக்கினார். நானும் தடுக்கவில்லை. பரிசு வாங்கிய துப்பாக்கிகள் எல்லாம் போருக்குப் போனவை. போருக்கும் போய், பூஜையிலும் உட்கார்ந்தது என்னுடையது ஒன்றுதான்.