கண்ணாடியக்காவின் பதினோரு குற்றங்கள்

கோணலாக உட்கார்ந்திருக்கும் மூக்குக்கண்ணாடியைப் பார்த்துவிட்டால் கண்ணாடியக்காவுக்குக் கை சும்மா இருக்காது. வரிசையில் நின்றாலும் சரி, பஸ்ஸில் போனாலும் சரி, எதிரில் இருப்பவர் கண்ணாடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் அவள் பார்வை அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பார்க்கப்படுகிறவர் முகத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது போல என்று கன்னத்தைத் துடைத்துக்கொள்வார்.

பதினான்கு வருஷம் ஊரில் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்த்தவள். ஃபிரேமின் அளவுக்கு லென்ஸைத் தேய்ப்பாள், காதுக்கம்பியைச் சூட்டில் இளக்கி வளைப்பாள், தரையில் விழுந்த கடுகளவு திருகாணியை விரல் நுனியால் தடவியே கண்டுபிடிப்பாள். முன்னால் நின்று சிரித்துப் பேசி விற்றவர்களை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் "கண்ணாடியக்கா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார்கள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனி அவரை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பியது. மனைவியையும் கூட்டிப்போகலாம் என்றது. அவளுக்கும் அங்கே தங்குவதற்கான ஒரு அனுமதி அட்டை வந்தது. வந்த அன்றே அவர் அதை வாங்கி, கையை முழுசாக நீட்டிப் பிடித்து, செய்தி வாசிப்பதைப் போல வாசித்தார்.

"கணவரைச் சார்ந்தவர். முன்னனுமதி இல்லாமல் எந்த வேலையும் செய்யக்கூடாது. கேட்டுக்கிட்டியா?"

"அதுக்குக் கீழ பொடி எழுத்துல என்னமோ இருக்கே."

"அதெல்லாம் அச்சடிச்சவன் அட்ரஸா இருக்கும்."

கேஸை மூடிவிட்டோமா என்று மூன்று தடவை போய்ப் பார்க்கிற மனிதர் அவர். போதாக்குறைக்கு, கூட வேலை செய்பவர் ஒருவரின் மனைவி வீட்டிலேயே காசு வாங்கிக்கொண்டு முடி வெட்டிவிட்டதால் குடும்பத்தோடு திருப்பி அனுப்பப்பட்டாள் என்று ஒரு பேச்சு உலவியது. அந்த மனைவியைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. இருந்தாலும் அதைக் கேட்டதிலிருந்து அவர் கேஸை நான்காவது தடவையும் போய்ப் பார்த்தார்.

எட்டு மாதம் அவள் பதினோராவது மாடியில் தங்கள் வீட்டு ஜன்னலைத் துடைத்தாள். ஊரிலிருந்து நாத்தனார் போனில் பேசுவாள். "அங்க போய் நல்லா ஓய்வா இருக்கீங்க போல அண்ணி. குடுத்து வெச்சவங்க."

"ஆமாமா. துடைச்சுத் துடைச்சு ஜன்னல் கண்ணாடியே பாதியாத் தேஞ்சு போச்சு."

கை தாங்காமல் போனது லிஃப்டில்தான். ஏழாவது மாடிப் பெண்மணியின் கண்ணாடி பேசப் பேச மூக்கின் நுனிக்கு வழுக்கிக்கொண்டே வந்தது. ஏழாவது மாடியிலிருந்து தரைக்கு வருவதற்குள் கண்ணாடியக்கா அதைக் கழற்றி, காதுக்கம்பியைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, திருப்பி மாட்டிவிட்டாள். மறுநாள் அந்தப் பெண்மணி லிஃப்டிலேயே ஒரு பையைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். உள்ளே ஆறு ஆரஞ்சு.

கணவர் பையைத் தொடவே இல்லை. "இது கூலி மாதிரி இருக்கே."

"கூலின்னா அழுகினது ஒண்ணையும் சேத்துக் குடுப்பாங்களா? பாருங்க, அடியில."

"இனிமே யார் மூக்குலயும் கை வெக்காத."

தலையாட்டினாள். பிறகு பத்து மூக்குகளில் கை வைத்தாள்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கண்ணாடிக் கடை உண்டு. அதன் கதவில் ஒரு நாள் பின்னறைக்கு ஆள் தேவை என்று தாள் ஒட்டியிருந்தது. வேலை தருகிறேன் என்று முதலாளி கடிதம் கொடுத்தால், அதை வைத்து மனைவிக்கு அனுமதி கேட்கலாம் என்று கம்பெனியில் சொன்னார்கள். அவள் இருக்கிறதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு இறங்கினாள்.

கடைக்காரர் வயதானவர். தன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துவிட்டு அதையே தேடுகிறவர். "ஒரு லென்ஸ் மாட்டிக் காட்டுங்க" என்றார்.

"அனுமதி இல்லாம தொட்டா அதுவும் வேலையாம். வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியிருக்கார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். ரிப்பேருக்கு வந்த ஐந்து கண்ணாடிகளை மேஜையில் வரிசையாக வைத்தார். "அப்ப தொடாம சொல்லுங்க."

கண்ணாடியக்கா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள். "இது இடது பக்கம் ரெண்டு மில்லி இறங்கியிருக்கு. இந்த ஆள் ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டே டிவி பாக்கறவர். இது ஒரே கையால கழட்டிக் கழட்டி விரிஞ்சது. இதுல திருகாணி போய்ட்டு குண்டூசி மாட்டியிருக்காங்க. இது நல்லாத்தான் இருக்கு, காதுதான் ஒண்ணு மேல ஒண்ணு கீழ. அதுக்கு நாம ஒண்ணும் செய்ய முடியாது, கம்பியத்தான் காதுக்குத் தக்க வளைக்கணும்."

ஐந்தாவதை வெறுமனே பார்த்தாள். "இது குழந்தை உக்காந்தது."

அவர் அன்றே கடிதம் எழுதிக் கொடுத்தார். ஆனால் பின்னறையில் வேலை மலையாகக் குவிந்து கிடந்தது. மாதக் கடைசி வரை இடத்தைப் பிடித்து வைப்பேன், அதற்குள் அனுமதி வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றும் சொன்னார்.

கடிதத்தை வைத்து விண்ணப்பித்ததும், குடியேற்ற அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது இருபத்திரண்டாம் தேதிக்கு. கணவரும் வர வேண்டும். பஸ்ஸில் போகும்போது அவர் பாடம் நடத்தினார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஆரஞ்சுக் கதைய எடுக்காத."

"அவங்க கேட்டா?"

"ஆரஞ்சப் பத்தி எவன் கேப்பான்?"

நான்காம் எண் கவுண்டரில் இருந்த அதிகாரியைப் பார்த்ததும் கண்ணாடியக்கா நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அவர் கண்ணாடி இடது பக்கம் அப்படியே சரிந்திருந்தது. ஒரு தாளைப் புரட்டுவார், கண்ணாடியை ஏற்றுவார். அடுத்த தாள், மறுபடி ஏற்றுவார். மற்ற கவுண்டர்களில் மூன்று பேர் எழுந்து போயும் இங்கே இரண்டு பக்கம்தான் தாண்டியிருந்தது.

கல்யாணச் சான்றிதழ், கடைக்காரர் கடிதம், கணவரின் ஒப்பந்தம், எல்லாம் சரி. கடைசியாக அவர் நிமிர்ந்தார். "இங்க வந்ததுக்கு அப்புறம், சம்பளத்துக்கோ சும்மாவோ, ஏதாவது வேலை செஞ்சீங்களா?"

கணவர் தொண்டையைச் செருமினார். அது 'இல்லை' என்று சொல்லச் சொல்லும் செருமல்.

எட்டு மாதத்தில் அவள் உருப்படியாகச் செய்தது அந்தப் பதினோரு கண்ணாடிகளைத்தான். அதையும் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பொய் சொல்லி வாங்கின தாளோடு அந்தப் பின்னறையில் உட்கார முடியும் என்றும் தோன்றவில்லை.

"செஞ்சேன் சார். பதினோரு மூக்குக்கண்ணாடி."

கணவர் மேல்கூரையைப் பார்த்தார்.

"காசு வாங்கினீங்களா?"

"இல்ல. ஒருத்தங்க ஆரஞ்சு குடுத்தாங்க. ஆறு. அதுல ஒண்ணு அழுகல்."

"அப்ப அஞ்சு" என்று அதிகாரி எழுதிக்கொண்டார். "இருங்க" என்று கோப்போடு உள்ளே போனார்.

பத்து நிமிஷம் ஆயிற்று. "பெட்டிய எறக்கி வெக்கணும்" என்றார் கணவர் மெதுவாக. "பெரிய பெட்டியில சக்கரம் போச்சு, அத வேற மாத்தணும்." கடையின் பின்னறையில் இருந்த ஜன்னலோர மேஜை கண்ணாடியக்காவுக்கு ஞாபகம் வந்தது. நல்ல வெளிச்சம் விழுகிற மேஜை.

அதிகாரி திரும்பி வந்தார். "ஆரஞ்சு தரணும்னு முன்னாடியே பேசிக்கிட்டீங்களான்னு மேலதிகாரி கேக்கறாங்க."

"இல்ல சார். லிஃப்ட்ல கையில திணிச்சாங்க. கதவு மூடிடுச்சு, திருப்பிக் குடுக்க முடியல."

"அப்ப பிரச்சினை இல்ல." அவள் அட்டையைத் திருப்பி, அடியில் இருந்த பொடி எழுத்தைச் சுட்டினார். "அண்டை அயலாருக்குக் கூலி இல்லாம செய்யற சின்ன உதவி வேலையில சேராது. இங்கேயே போட்டிருக்கே, படிக்கலையா?"

"வீட்டுக்காரர்தான் படிச்சார்."

கணவர் அட்டையை வாங்கி நீட்டிப் பிடித்தார். இன்னும் நீட்டினார். கவுண்டரின் சட்டத்தில் கை முட்டியது. அதற்கு மேல் நீட்ட இடமில்லை. கண்ணாடியக்கா அந்தக் கையைப் பார்த்தாள். ஊரார் மூக்கையெல்லாம் அளந்தவள், வீட்டில் ஒரு கை நீண்டுகொண்டே போனதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறாள்.

அதிகாரி தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "உதவிதானே, இதையும் கொஞ்சம் பாருங்களேன்."

பாரு, பாரு என்று கணவர் தலையை ஆட்டினார். கண்ணாடியக்காவின் விரல்கள் தொடைக்கு அடியில் துடித்தன.

"அண்டை அயலாருக்குன்னுதானே சார் போட்டிருக்கு. நீங்க எங்க கட்டடம் இல்லையே. தாள் வரட்டும், கடைக்கு வாங்க."

கணவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அதிகாரி கவுண்டரில் கையை ஊன்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

முப்பதாம் தேதி தபாலில் அனுமதி வந்தது. முத்திரை இடது பக்கமாகச் சாய்ந்து விழுந்திருந்தது. கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னங்க இது, கோணலா இருக்கு?"

"குத்தினவர் கண்ணாடி ரெண்டு மில்லி இறக்கம். அடுத்த வாரம் வருவார்."

ஒன்றாம் தேதி காலையில் முதல் வாடிக்கையாளராக உள்ளே தள்ளப்பட்டவர் லிஃப்ட் மெக்கானிக். "எனக்கு எதுக்கு? கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தார். கடைக்காரர் கண்ணைச் சோதித்துப் பவர் எழுதிக் கொடுத்தார். கண்ணாடியக்கா சின்ன ஸ்கேலை அவர் மூக்கின் மேல் வைத்து இரண்டு கண்மணிக்கும் நடுவில் அளந்தாள். அவர் அசையாமல் இருந்தார். ஜன்னலோர மேஜையில் லென்ஸைத் தேய்த்து மாட்டி, கம்பியைச் சூடு காட்டி, அவர் காதுக்குப் பின்னால் படிய வைத்தாள்.

"பில்லு போட்ரு" என்றார் அவர். "அப்புறம் உதவின்னு சொல்லிடப் போறாங்க."

"போட்டாச்சு."

பரீட்சை பார்க்க அவர் அவளுடைய அனுமதித் தாளையே எடுத்தார். கையை நீட்டவில்லை, மார்புக்கு அருகில் வைத்துக்கொண்டு கடைசி வரி வரை, பொடி எழுத்து உட்பட, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார்.

"கணவர் வேலையில் இருக்கும் வரைதான் இந்த அனுமதி செல்லும்னு போட்டிருக்கான்."

"ஆமாங்க."

"அப்ப நான் வேலையில ஒழுங்கா இருந்தாகணும்."

"இருங்க" என்றாள் கண்ணாடியக்கா, அடுத்த ஃபிரேமைக் கையில் எடுத்தபடி. "மணி எட்டரை ஆச்சு. பஸ்ஸ விட்ராதீங்க."