பெனிசிலின் தைலம்

காஜா பெராங் வட்டாரத்தில் கலியாணசுந்தரத்தைக் கைராசிக்காரர் என்பார்கள். டாக்டர் கணேசமூர்த்தியின் கிளினிக்கில் மருந்து கலப்பதும் ஊசி போடுவதும் அவர் வேலை. பாழாய்ப்போன அந்தப் பெயரை அவர் வாங்காமலே இருந்திருக்கலாம்.

ஜப்பான்காரன் போய், வெள்ளைக்காரனிடம் மெர்டேக்கா, அதாவது விடுதலை, கேட்கும் பேச்சு மெல்லக் கிளம்பியிருந்த காலம். அவருடைய ஒரே மகள் ஜெயாவுக்கு நிமோனியா கண்டது. டாக்டர் பெனிசிலின் கொடுத்தார். தண்ணீரில் கரைத்துப் போட்டால் அது உடம்பில் தங்காது, மூன்று மணி நேரத்துக்கு ஓர் ஊசி போட வேண்டும். காய்ச்சல் இறங்கத் தொடங்கியதும் டாக்டர் ஊசியை இவர் பொறுப்பில் விட்டுவிட்டுச் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். பிள்ளை உடம்பில் இனிக் குத்த இடமில்லை. அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே வீறிட்டாள்.

"போதுங்க. பாவம்லா புள்ள. வேற வழியே இல்லையா?" என்று மனைவி சந்திரமதி அழுதாள்.

இருந்தது. பெனிசிலின் தூளை எண்ணெயிலும் தேன்மெழுகிலும் குழைத்துப் போட்டால், மெல்லக் கசிந்து நாள் முழுக்க நிற்கும் என்று கிளினிக்குக்கு வரும் பத்திரிகையில் படித்திருந்தார். சட்டியில் கடலை எண்ணெயைக் காய்ச்சி, மெழுகை உருக்கி, சூடு தணியுமுன்பே தூளைக் கொட்டிக் கிண்டினார். தைலம் என்றால் மருந்தைப் போட்டுக் காய்ச்சித்தானே இறக்குவார்கள்? பிறந்ததிலிருந்து வீட்டில் பார்த்ததைக் கை தானாகச் செய்தது. அடப்பாவி மனுஷா, ஆறும்வரை பொறுத்திருக்கக் கூடாதா. ஆறியதும் கட்டியே இல்லாமல் வெண்ணெய் போல வந்தது.

அதன்பின் நாளுக்கு ஒரே ஊசி. ஜெயா நிம்மதியாகத் தூங்கினாள். மறுநாள் கஞ்சி குடித்தாள், அப்பா மடியில் வந்து உட்கார்ந்தாள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் திரும்ப ஏறியது. டாக்டர் சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது பிள்ளை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

டாக்டர் அவரைச் சமையலறைக்குத் தனியே அழைத்துப் போனார். சட்டியில் ஒட்டியிருந்ததைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆறினப்புறம்தானே பவுடர் போட்டீங்க?"

"சூட்டுல போட்டேன் டாக்டர்."

டாக்டர் விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "அந்தச் சூட்டுல பெனிசிலின் செத்துப்போயிடும். நீங்க போட்டது வெறும் எண்ணெய்தான்."

கலியாணசுந்தரம் அடுப்படியிலேயே சரிந்து உட்கார்ந்தார். அழுகை வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சனம் கலைந்தபின், டாக்டர் சொன்னது எதுவும் அறியாத சந்திரமதி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கடைசி ரெண்டு நாளாச்சும் புள்ள வலியில்லாம தூங்குச்சுங்க. உங்களாலதான்."

அவருடைய வலது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதை இழுத்துக்கொள்ள அவருக்குத் தெம்பில்லை.