யானையை ஆடுகிறவன்

என் மனைவி செதுன்யா பதினோரு வருடம் காட்டில் சமைத்தவள். வெளிநாட்டு ஆட்களைக் கூட்டிப்போய்க் கூடாரம் அடிக்கும் ஒரு குழுவில் இருந்தாள். மணலில் குழி தோண்டி, இரும்புச் சட்டியைப் புதைத்து, மேலே தணலைக் கொட்டி ரொட்டி சுடுவாள். திடீரென்று ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கள் லொபாட்சே ஊருக்கு வந்து, பேருந்து நிலையத்தில் மாவுருண்டை பொரித்து விற்றாள். ஏன் விட்டாய் என்று நான் கேட்டதில்லை. மாவுருண்டை பிடித்திருந்தது, அவளையும் பிடித்திருந்தது. கட்டிக்கொண்டேன்.

பத்து வருடம் கழித்து இந்த ஆகஸ்டில், "ஒரு தடவை காட்டுக்குப் போயிட்டு வரலாமா?" என்றாள். மகன் பாக்கோவை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, நண்பனின் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு வடக்கே கிளம்பினோம்.

கால்நடை நோய் பரவாமல் தடுக்கப் போட்டிருந்த வேலியின் வாசலில் செருப்பை மருந்துத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தேன். காவல்காரக் கிழவர் அவளைப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"அடியே செதுன்யா! கடைசியா நீ சியாபெலோவோட வந்தப்ப..."

என்னைப் பார்த்தார். அப்படியே வாயை மூடிக்கொண்டார்.

"யாரு சியாபெலோ?" என்று வண்டியில் கேட்டேன்.

"எங்க வழிகாட்டி. தடம் பாக்கறதுல கெட்டிக்காரன்."

ஒரு வழிகாட்டியின் பேருக்கு ஒரு கிழவர் ஏன் வாயை மூட வேண்டும்? வயிறு எரிந்தது. அதோடு நான் பேச்சை நிறுத்திவிட்டேன். நான் பேசாமல் இருந்தால் வீட்டில் எல்லாரும் சுற்றிச்சுற்றி வருவார்கள். அது எனக்குப் பழக்கம்.

அவளோ முன்னைவிட அதிகமாகப் பேசினாள். மணல் வந்ததும், "டயர்ல காத்தைக் கொஞ்சம் இறக்குங்க, பாக்கோ அப்பா" என்றாள். இருபது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவனிடமா! கேளாமல் ஓட்டினேன். வண்டி வயிறு வரை புதைந்தது. அவளே காற்றை இறக்கி, அவளே ஏறி ஓட்டி வெளியே எடுத்தாள்.

"சியாபெலோ மணல்ல காத்து இறக்காம வண்டியைத் தொடவே மாட்டான்."

மறுநாள் சாயங்காலம் இடித்த மாட்டுக்கறியைச் சட்டியோடு ஒரு கழுதைப்புலி இழுத்துக்கொண்டு போனது. எரிகிற கட்டையோடு அவள் துரத்தினாள். நான் வண்டிக்குள் இருந்தேன். சட்டியோடு திரும்பி வந்து, சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள்.

"இதுங்களுக்கு சியாபெலோ 'மாமியார்'னு பேர் வச்சிருந்தான்!"

எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அந்தச் சிரிப்புக்காகவே அவனை அடித்து நொறுக்க வேண்டும் போலிருந்தது.

மூன்றாம் நாள் மதியம் மோபானே மரங்களுக்கு நடுவே பாதையை மறித்து ஓர் ஒற்றை ஆண் யானை நின்றது.

"எஞ்சினை அணைச்சுட்டுப் பேசாம உக்காருங்க. அதுவா போயிடும்."

"இதுவும் அவன் சொல்லிக் குடுத்ததா?"

மூன்று நாளில் நான் பேசிய முதல் பேச்சு அதுதான். எங்களில் ஒருவனுடைய குலவிலங்கை அறிய, நீ எதை ஆடுகிறாய் என்றுதான் கேட்பார்கள். நான் யானையை ஆடுகிறவன். யானைக்கறி தின்னமாட்டோம், யானையைக் கல்லால்கூட அடிக்கமாட்டோம்.

"அது என் சொந்தம். அதுகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போக எவனும் வேண்டாம்" என்று கதவைத் திறந்து இறங்கினேன்.

பத்தடி நடந்து குலத்தின் வாழ்த்துப்பாட்டைச் சத்தமாகச் சொன்னேன். இரண்டாம் வரி முடியவில்லை. சொந்தம் காதை விரித்து, பிளிறிக்கொண்டு ஓடி வந்தது. நான் திரும்பி ஓட ஆரம்பித்தேன்.

"சியாபெலோ! ஓடாதடா! நில்லுடா!"

நின்றுவிட்டேன். தைரியத்தில் இல்லை, ஆத்திரத்தில். சாகப்போகிற நேரத்திலும் அவன் பேரா? அதிலும் 'டா' வேறு. என்னை 'நீங்க', 'பாக்கோ அப்பா' என்பதைத் தாண்டி அவள் கூப்பிட்டதே இல்லை. யானையை மறந்து அவளை முறைத்துக்கொண்டு நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் அது நின்றது. புழுதியை வாரி என்மேல் இறைத்தது. பிறகு மரங்களுக்குள் போனது.

செதுன்யா வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"யார் பேரைச் சொன்னே?"

"அவனும் யானையை ஆடறவன்தான். இதே மாதிரிதான் இறங்கினான், இதே மாதிரிதான் ஓடினான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஓடினா அது விடாது. அன்னிக்குக் காலையில இருந்து எங்களுக்குள்ள சண்டை. அவன்கிட்ட பேசக்கூடாதுன்னு வீம்பா உக்காந்திருந்தேன். ஓடாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்பான். வாயே வரலை."

"கட்டிக்கிறதா இருந்தீங்களா?"

"ஆமா."

உயிரோடு இருப்பவன் என்றால் சண்டை போடலாம். செத்தவனை என்ன செய்ய? அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் வாயை மூடிக்கொண்ட மூன்று நாளும் அவள் எவ்வளவு பயந்திருப்பாள் என்று அப்போதுதான் உறைத்தது. பாவமாக இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன்: பத்து வருடமாக அவள் தொண்டையில் அவனுக்காகவே நின்றிருந்த கூச்சலில்தான் நான் பிழைத்தேன் என்று நினைத்ததும், எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.